பாட்டு மேடையில் தாய்மொழி

ஒரு நாட்டின் பெயரால் மேடையேறும் பாடகர் அந்நாட்டு மொழியிலேயே பாட வேண்டுமா, அன்றிப் பலருக்கும் விளங்கும் பிறமொழியில் பாடலாமா? ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் தொலைக்காட்சி வாயிலாக நடத்தும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியை இவ்வினா நெடுங்காலமாகத் தொடர்ந்து வருகிறது. விதி இருந்தால்தான் மொழி வாழும் என்பார் ஒரு சாரார். விதி கலைக்கு விலங்கு, உரிமையே அதற்கு உயிர் என்பார் மற்றொரு சாரார். போட்டியின் வரலாற்றை முறையே நோக்கின், இரு சாரார் கூற்றும் ஒருபுடை உண்மையே என்பது புலனாகும்.

1950-ஆம் ஆண்டில் தோன்றிய ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம், இத்தாலியின் சான் ரெமோ பாட்டு விழாவை முன்மாதிரியாகக் கொண்டு இப்போட்டியை வகுத்தது. முதற்போட்டி 1956 மே 24-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் நடைபெற்றது. ஏழு நாடுகள் நாட்டுக்கு இரண்டு பாடல்களாக அளித்தன. பிரெஞ்சு மொழியில் பாடிய சுவிட்சர்லாந்தின் லிஸ் ஆசியா வென்றார். மொழி பற்றிய விதி எதுவும் அன்று இல்லை. தத்தம் நாட்டு மொழியில் பாடுவதே வழக்கமாக இருந்தமையின், விதிக்குத் தேவையும் எழவில்லை.

1965-இல் நேப்பிள்ஸ் நகரில் சுவீடன் நாட்டு இசைநாடகப் பாடகர் இங்வார் விக்செல் ஆங்கிலத்தில் பாடினார். அதன் விளைவாக, ஒவ்வொரு நாடும் தன் நாட்டு மொழியிலேயே பாட வேண்டும் என்ற விதி 1966-இல் பிறந்தது. 1973-இல் அது தளர்த்தப்பட்டது. மறு ஆண்டே சுவீடனின் ஆப்பா குழுவினர் ஆங்கிலப் பாடலால் வாகை சூடினர். 1975-இல் நெதர்லாந்தும் ஆங்கிலத்திலேயே பாடி வென்றது. 1977-இல் பழைய விதி திரும்பியது. 1999-இல் அது மீண்டும் நீக்கப்பட்டது.

விதி நின்ற காலத்தில் எல்லா மொழிகளும் ஒத்த நிலையில் நின்றனவா என்பதே முதற்கண் ஆராயத்தக்கது. 1992-ஆம் ஆண்டுப் போட்டியில் அயர்லாந்து முதலிடமும், பிரிட்டன் இரண்டாமிடமும், மால்ட்டா மூன்றாமிடமும் பெற்றன. விதியின்படி ஆங்கிலத்தில் பாடும் உரிமை பெற்றிருந்தவை அன்று இம்மூன்று நாடுகளே! 1992 முதல் 1998 வரை நடந்த ஏழு போட்டிகளுள் ஐந்தில் வென்றவை ஆங்கிலப் பாடல்கள். சிறுமொழிகளைக் காக்க எழுந்த விதி, பெருமொழியை உரிமையாகப் பெற்ற நாடுகளுக்கே ஊதியமாயிற்று எனலாம். இது ஆங்கிலத்திற்கு மட்டும் உரிய குற்றமன்று. 1956-க்கும் 1988-க்கும் இடையே பிரெஞ்சுப் பாடல்கள் பதினான்கு முறை வென்றன. அவற்றுள் ஐந்து லக்சம்பர்க் பெற்ற வெற்றிகள். தனக்கெனச் சொந்த மொழியுடைய அந்நாடு அம்மொழியில் பாடியது மிக அரிது.

விதி இடந்தந்தும் தன் மொழியைத் துறந்த நாடுகளும் உண்டு. அயர்லாந்து ஐரிஷ் மொழியில் பாடியது 1972-இல் ஒரே ஒரு முறை. அந்நாடு பெற்ற ஏழு வெற்றிகளும் ஆங்கிலத்தால் வந்தவை. மால்ட்டா 1971-இலும் 1972-இலும் மால்ட்டீஸ் மொழியில் பாடி, இருமுறையும் கடைசி இடத்தில் நின்றது. பின்னர் அது ஆங்கிலத்தையே பற்றிக்கொண்டது. கதவைத் திறந்து வைப்பதோடு விதியின் ஆற்றல் முடிந்துவிடுகிறது என்பதற்கு இவ்விரு நாடுகளும் சான்று.

இனி, ஒரு நாட்டின் மொழி எது என்று முடிவு செய்பவர் யார் என்ற கேள்வியும் எழுகிறது. 1968-இல் ஸ்பெயின் சார்பில் பாடத் தேர்வுபெற்ற ஜுவான் மனுவேல் செர்ராட், தம் கத்தலான் மொழியில் பாட விழைந்தார். பிராங்கோ ஆட்சி அதற்கு இடந்தரவில்லை. அவரை நீக்கி மாசியேல் என்ற பாடகியை அனுப்பினர். அவர் ஸ்பானிய மொழியில் பாடி, ஒரே புள்ளி வேறுபாட்டில் வெற்றியும் பெற்றார். கத்தலான் மொழி அம்மேடையை அடைய 2004 வரை காத்திருக்க நேர்ந்தது. அதனை அங்குக் கொண்டு சென்றது அண்டோரா என்னும் சிறு நாடு. 2009 வரை ஆறாண்டுகள் போட்டியிட்டும் அந்நாடு ஒருமுறையேனும் இறுதிச் சுற்றை எட்டவில்லை. எனினும் ஆறாண்டுகளும் அம்மொழியை ஐரோப்பா முழுதும் கேட்டது. இதனைத் தோல்வி என்று மட்டும் கணக்கிடுதல் முறையாகாது.

உரிமைக் காலத்தின் வரலாறும் ஒரு பக்கமே சாய்வதன்று. 1999 முதல் 2006 வரை வென்ற எட்டுப் பாடல்களும் ஆங்கிலப் பாடல்களே. 2004-இல் வென்ற உக்ரைன் பாடலில் மட்டும் உக்ரைன் மொழி சிறிது கலந்திருந்தது. பிரெஞ்சு, டச்சு, ஜெர்மன் ஆகிய மூன்று ஆட்சிமொழிகளையுடைய பெல்ஜியம் 2003-இல் எம்மொழியிலும் சேராத, கற்பனையாகப் புனைந்த சொற்களால் பாடியது. இரண்டே புள்ளியில் முதலிடத்தை இழந்தது. சொற்பொருள் விளங்கினால்தான் வாக்குக் கிட்டும் என்ற வாதம் அன்றே ஆட்டங்கண்டது. 2007-இல் செர்பியா செர்பிய மொழியில் வென்றது. 1964 முதல் போட்டியிட்டும் வெற்றி காணாதிருந்த போர்ச்சுகல், 2017-இல் சால்வடோர் சோப்ரால் பாடிய போர்ச்சுகீசியப் பாடலால் 758 புள்ளிகள் பெற்றது. 2021-இல் இத்தாலியும் 2022-இல் உக்ரைனும் தத்தம் மொழியிலேயே வென்றன. 2023 முதல் 2025 வரை வென்ற மூன்று பாடல்களும் மீண்டும் ஆங்கிலத்தில் அமைந்தன என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது.

இவ்வாறு காற்று மாறிமாறி வீசும் மேடையில் இத்தாலி நிலைபெற்று நிற்பது எதனால்? சான் ரெமோ விழா 1951 முதல் நடந்து வருகிறது. அங்குப் போட்டியிடும் பாடல்கள் இத்தாலிய மொழியிலோ அந்நாட்டு வட்டார மொழிகளிலோ அமைய வேண்டும் என்பது ஒழுங்கு. 2021-இல் ஐரோப்பிய மேடையில் வென்ற பாடல், முதலில் அவ்விழாவில் வென்ற பாடலே. வெளிமேடையின் விதி 1999-இல் போயிற்று. வீட்டு மேடையின் வழக்கமோ போகவில்லை. ஆதலின் வெளியே விதி இல்லாத காலத்தும் அந்நாட்டுப் பாடகர்க்குத் தம் மொழியில் பாடுதல் துணிச்சலான செயலாகத் தோன்றவில்லை. அன்றாட வழக்கமாகவே இருந்தது.

ஆகவே, விதியா உரிமையா என்ற வழக்கில் தீர்ப்பு இரண்டின் புறத்தே இருக்கிறது. ஐரிஷ் மொழிக்கு விதி துணைநின்றது. எடுத்து வழங்குவார் இல்லை. போர்ச்சுகீசிய மொழிக்கு 1999-க்குப் பின் விதியின் துணை இல்லை, வழங்குவார் இருந்தனர். சொந்த ஊரில் பாட்டும் பாடகரும் கேட்போரும் குறைவின்றி வாய்த்த மொழியே பிறநாட்டு மேடையிலும் நிமிர்ந்து நிற்கும். மொழி கற்பிப்போர் இப்போட்டியின் வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க பாடம் இதுவேயாம்.