கொடைக்குப் பின்னுள்ள வணிகம்: சீதக்காதி குறித்த ஒரு மறுவாசிப்பு

17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த சீதக்காதி என்னும் செய்கு அப்துல் காதிர் மரக்காயரைத் தமிழிலக்கிய வரலாறு வள்ளலாகவே நினைவுகூர்கிறது. இறந்தும் கொடுத்தவர் என்னும் புகழுரை, கொடுத்த பொருள் எவ்வாறு ஈட்டப்பெற்றது என்னும் வினாவை எழவிடுவதில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களோ பெரிய தம்பி மரக்காயர் என்பவரைச் சேதுபதி அரசில் செல்வாக்குற்ற வணிகராகவும், கம்பெனிக்குப் போட்டியாளராகவும் காட்டுகின்றன. இவரையே சீதக்காதியாகக் கொள்வர் ஆய்வாளர் சிலர்.

இலக்கியத்திலும் இவ்வணிகத்தின் தடம் உண்டு. சீறாப்புராணம் இயற்றிய உமறுப்புலவரை முதலில் சீதக்காதியும், அவர் மறைவுக்குப்பின் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரக்காயரும் ஆதரித்தனர் என்பது மரபு. கீழக்கரையும் பரங்கிப்பேட்டையும் துறைமுகங்கள். புரவலர் இருவரும் மரக்காயர். காப்பியத்தைத் தாங்கியது கடல்வணிகம் ஈட்டிய செல்வமே எனலாம்.

இதனைக் கருதாது ஈகையை மட்டும் போற்றும் திறனாய்வு, ஒரு சமூகத்தின் பொருளியல் பங்களிப்பைத் தனிமனித அறச்செயலாகச் சுருக்கிவிடுகிறது. கப்பல் செலுத்தியோர், முத்தும் சங்கும் குளித்தோர், சரக்குச் சுமந்தோர் ஆகியோரின் உழைப்பு அச்சுருக்கத்தில் மறைகிறது. ஈகை பாராட்டுக்குரியது, உற்பத்தியும் வணிகமும் உரிமைக்குரியவை. சீதக்காதி பற்றிய சிற்றிலக்கியங்களைத் துறைமுக ஆவணங்களோடு ஒப்பிட்டு வாசிக்கும்போதே இஸ்லாமியரின் இடம் நாட்டு வரலாற்றில் முழுமையாகப் புலப்படும்.