துருத்தி லென்ஸ்

அய்யம்பட்டியிலும் பல்லவராயன்பட்டியிலும் ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிற கம்பம் பள்ளத்தாக்குக்காரர் மாடு வாங்கப் போனால், விலையைப் பற்றி வாயே திறக்காமல், முதலில் பல்லைப் பார்த்து வயதைக் கணித்து, பிறகு சுழிகளைத் தேடி, கடைசியில் மாட்டை நாலு அடி நடக்கவிட்டு, அது கால் ஊன்றுகிற விதத்தைக் கண்ணால் அளந்துகொண்டு நிற்பாரே, அந்தச் சாவதானமும் அந்தச் சந்தேகமும்தான் பழைய டெலி ஜூம் லென்ஸ் வாங்கப் புறப்படுகிறவனுக்கும் உரிய லட்சணங்கள் என்பது என் அபிப்பிராயம். புதிதாய்ப் பெட்டி பிரிக்கிற லென்ஸில் நாம் உற்றுப் பார்க்க வேண்டியது ரசீதைத் தவிர வேறொன்றும் இல்லை. பழையதற்கோ ஒரு பூர்வோத்தரம் உண்டு.

நான் வாங்கியது கேனான் கம்பெனியார் 1998-இல் வெளியிட்டு, 2014-இல் புது வடிவம் வரும்வரையில் விற்றுவந்த 100-400 மி.மீ. ஜூம்; வெண்சாம்பல் நிறம், ஏறக்குறைய 1,380 கிராம் எடை. உத்தமபாளையத்தில், முல்லைப் பெரியாற்றங்கரைக்கு அதிக தூரமில்லாத ஒரு வீட்டில், பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், தோள்பட்டை வலியினால் இனிமேல் இதைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியாது என்று மனம் ஒப்பி, பறவைகளின் மேல் பைத்தியமுள்ள யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று வைத்திருந்தார். நான் போனபோது அவர் லென்ஸை எடுத்து வந்தது, அழுத்தி மூடக்கூடிய பெரிய பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களுக்கு நடுவில். தோல் உறை ஒன்றும் இருந்தது; அதைக் காலியாக ஆணியில் மாட்டியிருந்தார்.

"தோல் உறைக்குள்ள வச்சுப் பூட்டுனா பூசணம் பிடிச்சிரும் தம்பி. அது சும்மா அழகுக்கு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி வியாபாரம் முடிந்துவிட்டது என்று சொல்லலாம். ஏனென்றால், மேற்கே குமுளி மலையைத் தாண்டித் தெறிக்கிற தென்மேற்குச் சாரலும், ஐப்பசி கார்த்திகையின் அடைமழையும், மேகமலைக்குப் போனால் பகலிலேயே பையின் மேல் படிகிற மூடுபனியும் சேர்ந்து, இந்தப் பிரதேசத்தில் கண்ணாடிக்குப் பரம சத்துரு பூஞ்சைதான்.

லென்ஸுக்கும் பல் உண்டு. கேனானின் அந்தக் காலத்து லென்ஸ்களில், கேமராவோடு பொருந்துகிற உலோக வளையத்தின் பக்கம், பொடி எழுத்தில் ஒரு குறி இருக்கும்: முதல் எழுத்து தொழிற்சாலை, இரண்டாவது வருஷம், அடுத்த எண் மாதம். 1986-க்கு 'ஏ' என்று தொடங்கி வருஷத்துக்கு ஓர் எழுத்தாக நகர்கிற கணக்கு அது. என் லென்ஸில் 'யூ', 'டி', அப்புறம் 08 என்று கண்டது. ஆகவே ஜப்பானில் உட்சுனோமியா ஊரின் தொழிற்சாலையில் 2005 ஆகஸ்டில் பிறந்தது.

அடுத்தது சுழி பார்த்தல். கேமராவிலிருந்து கழற்றிய நிலையில் இவ்வகை லென்ஸின் அப்பர்ச்சர் இதழ்கள் முழுவதும் விரிந்தே இருப்பதால், பின்புறத்திலிருந்து டார்ச் ஒளியைச் சாய்வாகச் செலுத்தி, முன்புறத்திலிருந்து மெள்ளத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், உள்ளே இருக்கிற சகல ரகசியங்களும் வெளிப்பட்டுவிடும். புதிதாய்ப் பார்க்கிறவன் இந்தக் காட்சியைக் கண்டு அநேகமாக மிரண்டுபோவான். நட்சத்திரக் கூட்டம்போல் அவ்வளவு தூசி தெரியும். ஆனால் தூசி பாவமற்றது. வில்லைகளுக்கு இடையில் கிடக்கிற ஐம்பது துகள்கள் படத்தில் ஒரு புள்ளியாகக்கூட விழுவதில்லை. முன்கண்ணாடியில் மெல்லிய கீறல் ஒன்று இருந்தாலும், எதிர்வெயிலில் எடுத்தாலொழிய அது காட்டிக்கொடுப்பதில்லை. சிலந்தி நூல்போலக் கிளைத்து ஓடுகிற பூஞ்சையும், கண்ணாடி முழுவதும் ஊதிவிட்ட மூச்சுப்போலப் படர்ந்த மங்கலும்தான் மன்னிக்கத் தகாதவை. பூஞ்சையை வேரோடு துடைத்தாலும் அது அரித்த பூச்சு திரும்பி வராது. வெளியே சாயம் போன, ரப்பர் தேய்ந்த, அடிபட்ட லென்ஸை ஒதுக்கிவிட்டு, உறைக்குள்ளேயே இருந்து பளபளவென்று பூஞ்சை பூத்த லென்ஸை அதிக விலைக்கு வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மாட்டின் கொம்பில் தீட்டிய வர்ணத்தைப் பார்த்து மாடு வாங்குகிறவர்கள்.

பிறகு நடக்கவிட்டுப் பார்ப்பது. மொட்டைமாடிச் சுவரில் நான்கு மூலைக்கு நான்காகத் தினசரிக் காலண்டர் தாள்களையும், நடுவில் ஒன்றையும் ஒட்டி, ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, 400-இல் வைத்து எடுத்தோம். இராகு காலம், எமகண்டம் என்கிற பொடி எழுத்துக்கள் நான்கு மூலையிலும் ஒரே விதமாகத் தெரிந்தால் வில்லைகள் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றன. ஒரு மூலையில் மட்டும் இராகு கலங்கினால் எங்கேயோ கீழே விழுந்த லென்ஸ். முழுத் திறப்பான 5.6-இல் எழுத்துக்கள் சற்றே பஞ்சுபோல் இருந்தன. 8-க்கு வந்ததும் கூர்மை ஏறிற்று. இந்த வயதில் அது நியாயமே. எடுப்பதற்கு முன் முன்னால் திருகியிருந்த ஃபில்டரைக் கழற்றச் சொன்னார் ஆசிரியர். மலிவான ஃபில்டர் ஒன்று இந்த லென்ஸின் பாதி உயிரை எடுத்துவிடும் என்பது அவர் சித்தாந்தம்.

இனி இதன் பிரத்தியேகமான அழகுக்கு வருகிறேன். இக்காலத்து ஜூம்களில் வளையத்தைத் திருகினால் பார்வை நெருங்குகிறது. இதிலோ குழலையே முன்னால் தள்ள வேண்டும், பின்னால் இழுக்க வேண்டும். கொல்லன் பட்டறைத் துருத்திபோல் காற்றை இழுத்து விடுவதால் தூசி பம்ப் என்று இதற்குப் பரிகாசப் பெயரும் வந்துவிட்டது. எனக்கு அந்தப் பரிகாசத்தில் சம்மதமில்லை. இடது உள்ளங்கையில் குழலைத் தாங்கிக்கொண்டு, ஆகாயத்தில் போகிற பருந்தை 100-இல் பிடித்து, கை தானாக நீள நீள அது 400-க்கு நெருங்கி வருகிற அந்த ஒரே வீச்சில் இருக்கிற சுகம், விரல்களை எடுத்து மாற்றித் திருகுகிற லென்ஸ்களில் இல்லை. பார்க்க விரும்புகிறதை நோக்கிக் கை நீட்டுவதுதானே மனிதனுக்கு இயற்கை! குழல் தளர்ந்து தானாகச் சரியாதபடி இறுக்கிவைக்க ஒரு வளையமும் உண்டு. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் உள்ளே ஒரு முனகல் கேட்கிறது. ஆடிக்கொண்டிருந்த காட்சி, இடுப்புக் குடத்தின் தளும்பல் அடங்குவதுபோல் ஒரு கணம் தாமதித்து அடங்குகிறது. நடுக்கத்தைத் தணிக்கிற இந்த உபாயத்தை முதன்முதலில் லென்ஸைக் கழற்றி மாட்டுகிற கேமராக்களுக்குக் கேனான் கொண்டுவந்தது 1995-இல். ஆகவே இதில் இருப்பது ஆரம்பத் தலைமுறைச் சாமர்த்தியம், ஸ்டாண்டில் நிற்கிறோம் என்பதுகூட அதற்குத் தெரியாது, நாமேதான் விசையை அணைக்க வேண்டும்.

பழம்பொருளைக் கொண்டு காட்டைப் படம் பிடிப்பதற்கு நம்மவர்களில் ஒரு மகா முன்னோடி உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான மா. கிருஷ்ணன், 1970-இல் பத்மஸ்ரீ பெற்றவர், ஒரு கம்பெனியின் உடலையும் இன்னொன்றின் லென்ஸையும் தம் கையாலேயே இணைத்து, அந்த விசித்திரமான பாரத்துக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று தாமே பெயரும் சூட்டி, அதைத் தூக்கிக்கொண்டு காடுகளில் அலைந்து யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். கடையில் கிடைப்பது எதுவோ அதற்கு ஏற்பக் கண்ணை மாற்றிக்கொள்ளாமல், கண்ணுக்கு வேண்டியது எதுவோ அதற்கு ஏற்பக் கருவியைக் கட்டிக்கொண்டவர் அவர்.

ஆனால் எந்தக் கருவியானாலும் காற்றுக்குக் கட்டுப்பட்டதே. காமயகவுண்டன்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல்களுக்கு இப்பால் நின்று, பள்ளத்தாக்கின் குறுக்கே மேகமலையை 400-இல் பார்த்தால், காலை ஏழு மணிக்குப் பந்தலும் தென்னையும் மலையும் ஒன்றன்மேல் ஒன்று மடித்து வைத்த புடவைகள்போல் அருகருகே தெரிகின்றன. அது லென்ஸின் மாயம் அல்ல. நாம் தொலைவில் நிற்பதன் விளைவு, லென்ஸ் அதை வெட்டி எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவே. அதே இடத்தில் பதினொரு மணிக்கு நின்றால் கானல் எழும்பி மலை முழுவதும் கஞ்சிபோல் கொதிக்கும். லட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸும் அங்கே கையாலாகாததே. ஆனியிலும் ஆடியிலும் கணவாய் வழியாக விசிறுகிற காற்றிலோ, 400-இல் கையில் பிடித்து எடுக்க 500-இல் ஒரு பங்கு நொடிகூடப் போதவில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள், சின்னமனூரிலிருந்து பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மேகமலைக்குப் போனேன். சாலையோரத்து ஆலமரம் ஒன்றில், ரயில் இரைவதுபோன்ற இறக்கையொலியோடு ஆண் இருவாச்சி வந்து இறங்கிற்று. பெட்டை மரப்பொந்தில் தன்னை அடைத்துக்கொண்டு ஆணின் கையை எதிர்பார்த்திருக்கிற பருவம் அது; கூட்டைத் தேடிப் போவது பாவம். என் கேமராவில் 400-க்கு, நாற்பது மீட்டர் தள்ளி நின்றால் சட்டத்தின் அகலம் இரண்டேகால் மீட்டர். தலை முதல் வால்வரை ஒரு மீட்டருக்குக் குறையாத பறவை, நான் ஓரடிகூட முன்வைக்காமலே பாதிச் சட்டத்தை நிரப்பிக்கொண்டது. மஞ்சள் அலகின் நுனியில் ஒரு பழத்தை உருட்டிற்று, தொண்டைக்குள் தள்ளிற்று, மறுபடியும் பறித்தது. பதினேழு படம் எடுத்தேன், நாலு தேறிற்று.

அவற்றை அச்சடித்துக்கொண்டு உத்தமபாளையம் போனேன். ஆசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கூர்மையைப் பற்றியோ, உள்ளே இருக்கிற தூசியைப் பற்றியோ, நான் கொடுத்த விலை தகுமா என்பதைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை.

"எந்த வளைவுல நின்ன ஆலமரம் தம்பி?" என்று கேட்டார். சொன்னேன்.

"அது இன்னுமா காய்க்குது!" என்றார்.