தேசத்தின் பெயரில் ஒரு வாத்தியக் குழு

தாராபுரத்தில் ஆர்க்கெஸ்ட்ரா என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: கோயில் நோம்பிக்கோ கல்யாண வரவேற்புக்கோ வந்து சினிமாப் பாட்டுப் பாடுகிற கோஷ்டி. தேசத்தின் பெயரால் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா 1952இலேயே டில்லியில் அமைந்தது, ஆகாசவாணி வாத்ய விருந்தா என்று அதற்குப் பெயர் என்பதெல்லாம் இங்கே வந்து சேரவில்லை. இதை ரசனைக் குறைவு என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். எனக்கு அது ஒப்பவில்லை. எழுபது வருஷம் கடந்தும் ஒரு கலை ஸ்தாபனத்தின் பெயர்கூட ஜனங்களை எட்டவில்லை என்றால், முதலில் விசாரிக்கப்பட வேண்டியது ஸ்தாபனம்தான்.

வாத்ய விருந்தாவின் முதல் நடத்துனர்கள் இருவர்: ஹிந்துஸ்தானிக்கு ரவிசங்கர், கர்நாடக இசைக்கு டி. கே. ஜெயராமய்யர். அதே 1952இல் ஒலிபரப்பு மந்திரியான கேஸ்கர் சினிமாப் பாட்டை வானொலியிலிருந்து ஒதுக்க முற்பட்டார். ஒதுக்கிய இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்கு இந்தக் குழு ஒரு பதில். கௌரவமான பதில்தான். ஆனால் ஜனங்கள் ரேடியோ சிலோனைத் திருப்பிக்கொண்டார்கள். 1957இல் விவித பாரதி தொடங்கி, சினிமாப் பாட்டைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. பிற்பாடு வாத்ய விருந்தாவை நடத்திய ஈமனி சங்கர சாஸ்திரி, முன்பு ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். கொள்கை எதை வெளியே தள்ளியதோ, அங்கிருந்தே ஆளும் வந்தது.

இசை ரீதியான சிக்கல் இன்னும் ஆழமானது. ராகத்தில் ஸ்வரம் ஒரு புள்ளி அல்ல, ஓர் அசைவு. வீணைக்காரரின் காந்தாரம் வேறு, நாகஸ்வரக்காரரின் காந்தாரம் வேறு. இருபது பேர் சேர்ந்து வாசிக்கும்போது கமகத்தைத் தேய்த்துச் சமமாக்கினால் ராகம் போகிறது. அவரவர் பாணிக்கு விட்டால் சேர்க்கை போகிறது. வாத்ய விருந்தாவின் நல்ல தருணங்கள் இந்த இக்கட்டை மறைக்காமல் எதிர்கொண்டவை. மற்றவை ஒரே கீர்த்தனையை இருபது பேர் ஒரே சமயத்தில் ஒப்பிப்பவை.

கூட்டாக வாசிப்பது நம் மரபில் இல்லை என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். தவறு. கொங்கு நாட்டு நோம்பிகளில் ஜமாப் அடிப்பவர்களைப் பாருங்கள். கேரளத்துப் பஞ்சவாத்தியத்தில் பத்துக் கணக்கான பேர் ஒரே காலப்பிரமாணத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நம் கூட்டிசை லயத்தில் இருந்தது. அதுவும் தெருவில் இருந்தது. தேசியக் குழுவோ கச்சேரி மேடையைப் பார்த்து ஆள் எடுத்தது. நான் கேட்டவரை அதில் பறையும் உறுமியும் இல்லை. இது வெறும் இசைத் தேர்வு மட்டும்தானா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இதற்கிடையே, யாரும் தேசியம் என்று பெயரிடாத ஓர் ஆர்க்கெஸ்ட்ரா கோடம்பாக்கத்தில் உருவாகிவிட்டது. காலையில் கையில் வாங்கிய இசைக்குறிப்பை அன்றைக்கே வாசித்துப் பதிவுசெய்யும் வயலின் வரிசை அது. அவர்களில் ஒருவரான வி. எஸ். நரசிம்மனின் வில் எதுவரை போகும் என்பதற்கு 1986இல் வெளிவந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ சாட்சி. ஆனால் அந்த வரிசைக்கு மாதச் சம்பளம் இல்லை, கால்ஷீட் உண்டு. எங்கள் பக்கத்துப் பனியன் கம்பெனி பாஷையில் சொன்னால் பீஸ் ரேட். கீபோர்டும் கம்ப்யூட்டரும் வந்ததும் வேலை குறைந்தது, குழு கரைந்தது. எந்த அகாதமியும் அதை ஒரு கலாசார இழப்பாகக் கணக்கெழுதவில்லை.

பம்பாயில் 2006இல் தொடங்கிய ஸிம்ஃபொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவிடம் அரங்கு இருக்கிறது, பெயர் இருக்கிறது. வாசிப்பவர்களில் பெரும்பகுதி கஜகஸ்தானிலிருந்தும் பிற தேசங்களிலிருந்தும் வருகிறார்கள். இதைக் கேலி செய்ய மாட்டேன். குழந்தைகளுக்கு அவர்கள் கற்றுக்கொடுக்கவும் செய்கிறார்கள். ஒரு வயலின்காரர் உருவாகப் பதினைந்து வருஷமாவது ஆகும்.

ஆக, டில்லியில் சம்பளம் இருந்தது, கேட்பவர் இல்லை. கோடம்பாக்கத்தில் கேட்பவர் இருந்தார்கள், சம்பளம் இல்லை. பம்பாயில் இரண்டும் ஓரளவு இருக்கின்றன, வாசிப்பவர் இங்கத்தியவர் இல்லை. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் ஸிம்ஃபொனியை ராயல் பில்ஹார்மானிக் குழு வாசித்தபோது இங்கே பெருமைப்பட்டோம். சட்டசபை வரைக்கும் பெருமை போனது. அதை வாசிக்க இங்கே ஏன் ஒரு குழு இல்லை என்பதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒரு மேதை தனியாகவே உருவாகிவிட முடியும். எண்பது பேர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வாசிப்பதற்கு ஒரு சமூகம் முப்பது வருஷம் பொறுமையாகச் சம்பளம் கொடுக்க வேண்டும். நாம் பெருமைக்குத் தயார், சம்பளத்துக்குத் தயாரில்லை.