ரிஜிட் கார்பன் சைக்கிள் பத்து காஜா மண்ணுக்குப் பொருந்துமா?

ரிஜிட், அதாவது அப்சார்பர் இல்லாத, கார்பன் சைக்கிளை வாங்கலாமா என்று கேட்பவர்கள் இரண்டு கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டிக் கேட்கிறார்கள். முன் ஃபோர்க்கில் அப்சார்பர் வேண்டுமா வேண்டாமா என்பது ஒன்று. பிரேமும் ஃபோர்க்கும் கார்பனாக இருக்க வேண்டுமா என்பது இன்னொன்று. பேராக்கின் பத்து காஜா வட்டாரத்தில் ஓட்டுபவருக்கு இவ்விரண்டுக்கும் ஒரே விடை கிடையாது. அப்சார்பர் இல்லாமல் ஓட்டலாம் என்ற வாதம் பலர் நினைப்பதைவிட வலுவானது. கார்பன் பிரேமுக்கான வாதம் அதன் விலையைத் தாங்கும் அளவுக்கு வலுவானதல்ல.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். கெல்லி காசல் பக்கம், முன்பு கிந்தா கெல்லாஸ் தோட்டம் இருந்த வட்டாரத்தில், பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லோரி போகும் செம்மண் பாதைகள் அகலமாக, இறுகிக் கிடக்கின்றன. சரிவுகளில் படிப்படியாக வெட்டிய வரிசைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதைகள் சட்டென்று இறங்கும். தஞ்சோங் துவாலாங் பக்கம் போனால் நிலமே வேறு. 1938-ல் கட்டப்பட்ட ஈயம் தோண்டும் மிதவைக் கப்பல் இன்னும் அங்கே நிற்கிறது. ஈயம் எடுத்த இடங்களில் வெளுத்த மணலும் குட்டைகளும் மிஞ்சியிருக்கின்றன. மூன்றாவது, வடக்கே கிளேடாங் மலைத்தொடர். கருங்கல் பாறை, குறுக்கே ஓடும் வேர்கள், நனைந்த இலைச்சருகு. வேரும் பாறையும் மண்டிய கடினப் பாதை என்று சொல்லத் தக்கது உண்மையில் இதுதான்.

ரிஜிட் பிரியர்கள் அடிக்கடி எடுத்துவைக்கும் வாதம் ஒன்று உண்டு. தோட்டத்தில் நம் தாத்தாக்கள் பாரச் சைக்கிளில்தானே போய்வந்தார்கள், அதில் அப்சார்பர் இருந்ததா என்பார்கள். 1941 டிசம்பரில் வடக்கிலிருந்து இறங்கிய ஜப்பானியப் படை கம்பாரைத் தாண்டித் தெற்கே போனதும் சைக்கிளில்தான், டயர் வெடித்தபின் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள் என்றும் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டும் நடந்தவைதான். ஆனால் ஜப்பானியர் பெரும்பாலும் ஓட்டியது ஆங்கிலேயர் போட்ட நல்ல தார்ச்சாலையில். தாத்தாக்கள் செங்குத்து இறக்கத்தில் சைக்கிளைவிட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போனார்கள். இறங்காமல் ஓட்டுவதே கடினப் பாதை ஓட்டத்தின் நோக்கம். ஆகவே இந்தச் சான்று நம் கேள்வியைத் தொடவே இல்லை.

பொருத்தமான சான்று 1990-ல் கிடைக்கிறது. அமெரிக்காவின் டுராங்கோ நகரில் அந்த ஆண்டு நடந்த முதல் மலைச் சைக்கிள் உலகச் சாம்பியன் போட்டியில், இறக்கப் பந்தயத்தை வென்ற கிரெக் ஹெர்போல்டின் சைக்கிளில் ராக்‌ஷாக்ஸ் ஆர்எஸ்-1 ஃபோர்க் இருந்தது. அது அமுங்கியது இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. ஆனாலும் அதன்பின் வேகமாக இறங்குபவர்கள் ரிஜிட் பக்கம் திரும்பவில்லை. காரணம் கைவலி மட்டுமன்று. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அரை மீட்டருக்கு ஒரு வேர் இருந்தால் விநாடிக்குப் பதினோரு அடி விழும். ஒரு வேரில் எழும்பிய முன்சக்கரம் தரைக்கு வருவதற்குள் அடுத்த வேர் வந்துவிடுகிறது. அந்தரத்தில் இருக்கும் சக்கரம் திரும்பவும் செய்யாது, பிரேக்கும் பிடிக்காது. சக்கரத்தைத் தரையோடு ஒட்டவைப்பதுதான் அப்சார்பரின் முதல் வேலை. சொகுசு அதற்கு அடுத்தது.

இதே கணக்கை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மணிக்கு ஏழு கிலோமீட்டரில் விநாடிக்கு நாலு அடிதான். உடம்பைத் தளர்த்தி முன்சக்கரத்தைத் தூக்கி வைக்க நேரம் கிடைக்கிறது. செம்பனைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் வேகம் பெரும்பாலும் இந்த அளவுதான். ஈய நிலத்து மணலில் இதைவிடவும் குறைவு. அங்கே தேவைப்படுவது அகலமான டயர். 2.6 அங்குல டயரை டியூப் இல்லாமல் 18 பிஎஸ்ஐ அளவில் காற்றடித்தால், சிறிய வேரைத் தானே விழுங்கிவிடும், மணலிலும் புதையாது. டயருக்கு ஒரு குறை உண்டு: அமுங்கிய வேகத்திலேயே திரும்பி உதைக்கும், அந்த உதையை அடக்க அதனுள் எதுவும் இல்லை. வேகம் கூடக்கூட இந்தக் குறைதான் மேலோங்கும்.

கார்பன் அதிர்வை உறிஞ்சும் என்ற பேச்சையும் இங்கேயே எடைபோடலாம். டயர், ஃபோர்க், பிரேம் மூன்றும் அடுத்தடுத்து நிற்கும் சுருள்வில்களைப் போன்றவை. அடி விழுந்தால் மிக மென்மையானதுதான் பெரும்பகுதியை வாங்கும். டயர் சென்டிமீட்டர் கணக்கில் அமுங்கும்போது, முக்கோணமாகக் கட்டிய பிரேம் மில்லிமீட்டர் கணக்கில்கூட அரிதாகவே வளையும். கார்பன் ஃபோர்க் சரளைப் பாதையின் நுண்ணிய நடுக்கத்தைக் குறைக்கிறது, இது உண்மை. எட்டு சென்டிமீட்டர் வேருக்கு முன் அதனால் ஆவது ஒன்றுமில்லை.

எடைக்கு வருவோம். அப்சார்பர் ஃபோர்க் ஒன்றரை முதல் இரண்டு கிலோ. கார்பன் ரிஜிட் ஃபோர்க் முக்கால் கிலோவுக்குள் முடிந்துவிடும். ஒரு கிலோவுக்குமேல் மிச்சம் என்றால் பெரிதாகத் தோன்றும். ஓட்டுபவர் 75 கிலோ, சைக்கிள் 11 கிலோ என்று வைத்து 1.2 கிலோ குறைத்துப் பாருங்கள். ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது ஐம்பது விநாடி. பந்தயக்காரருக்கு அது பெரிய விஷயம். மற்றவர்கள் அதற்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ரிஜிட்டின் உண்மையான பலம் பராமரிப்பில் இருக்கிறது. இதை யாரும் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் மனக்குறை. அப்சார்பர் ஃபோர்க் பலவற்றுக்கு ஏறக்குறைய 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்ற வேண்டும். வாரம் நாலு மணி நேரம் ஓட்டினால் ஆண்டுக்கு நாலு முறை. பேராக் மழையும் செம்மண் சேறும் சேர்ந்து ரப்பர் சீல்களை அரிக்கும் இடத்தில் இதைத் தள்ளிப்போட முடியாது. தள்ளிப்போட்டால் ஃபோர்க் இறுகி, ரிஜிட்டைவிட மோசமாக, கூடவே கனமாக ஓடும். கவனிப்பில்லாத அப்சார்பரைவிட நல்ல டயர் போட்ட ரிஜிட் மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

கார்பன் பிரேமைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டியது: அது துருப்பிடிக்காது, அலுமினியம்போல வளைந்து வளைந்து களைப்படைவதும் இல்லை. நம் ஈரக் காற்றில் இவை சாதாரண நன்மைகள் அல்ல. ஆனால் கருங்கல்லில் ஓர் அடி வாங்கினால் மேற்பூச்சில் கீறல் மட்டும் தெரிய, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வழியில்லை. இரும்புக் குழாயில் நெளிவு தெரியும்; வெல்டிங் தெரிந்த கைக்காரர் ஒட்டிக் கொடுப்பார். கார்பனைச் செப்பனிடுவது தனித்தொழில். இன்னொன்று, வியர்வை உப்பும் ஈரமும் சேரும்போது கார்பனைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் அரித்துப்போகும். அலுமினிய இருக்கைக் கம்பத்தை அவ்வப்போது உருவித் துடைத்து, அதற்குரிய பேஸ்ட்டைப் பூசாவிட்டால் அது பிரேமோடு ஒட்டிப்போகும்.

ஆகவே என் தீர்ப்பு இது. தோட்டப் பாதையும் ஈய நிலமும்தான் உங்கள் ஓட்டம் என்றால் ரிஜிட் சரியான தேர்வு: இரும்பு அல்லது அலுமினிய பிரேம், கார்பன் ஃபோர்க், மிச்சப் பணம் டயருக்கு. கிளேடாங் இறக்கத்தை வேகமாக ஓட்ட ஆசைப்படுபவர் 120 மில்லிமீட்டர் அப்சார்பர் உள்ள சைக்கிளை வாங்கட்டும். அங்கே ரிஜிட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். முழு கார்பன் ரிஜிட், வீட்டில் இரண்டாவது சைக்கிள் இருப்பவருக்கு மட்டும்.

ஃபோர்க்கை மாற்றுபவர்கள் அதன் நீளத்தை அளக்காமல் வாங்கக் கூடாது. 100 மில்லிமீட்டர் அப்சார்பருக்கு வரைந்த 29 அங்குல பிரேமுக்கு, அச்சிலிருந்து மேல்முடி வரை ஏறத்தாழ 490 மில்லிமீட்டர் உள்ள ரிஜிட் ஃபோர்க் வேண்டும். 20 மில்லிமீட்டர் குறைந்தால் முன்பக்கக் கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரி செங்குத்தாகும், இறக்கத்தில் சைக்கிள் பதறும். பெடலும் தாழ்ந்து வேரில் இடிக்கும். பிரேமில் குறைந்தது 2.6 அங்குல டயருக்கு இடமிருக்கிறதா என்பதையும் கடையிலேயே சக்கரத்தை மாட்டிப் பார்த்துவிடுங்கள். சேறு அப்பிக்கொள்ளவும் இருபுறமும் இடைவெளி வேண்டும்.