பட்டைகள் பிரியும் அந்த நொடி

பைனாகுலரை வைத்துக்கொண்டு பறவை பார்க்காமல் கோடு பார்க்கிறேன் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்! கறுப்புப் பட்டைகள் அச்சடித்த ஒற்றைத் தாள் எனக்குக் கொடுக்கும் குதூகலத்தை எந்த மீன்கொத்தியும் கொடுத்ததில்லை.

அந்தத் தாள் அமெரிக்க விமானப்படை 1951-இல் வகுத்த சோதனைப் படம். மும்மூன்று பட்டைகள், நெடுக்கில் ஒரு தொகுதி, குறுக்கில் ஒரு தொகுதி என்று போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும். படிக்குப் படி நுணுக்கம் 12 சதவீதம் கூடுகிறது. ஆறு படி இறங்கினால் பட்டையின் அகலம் சரிபாதி. லேசர் பிரிண்டரில் அளவு மாறாமல் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, மொட்டை மாடியின் ஒரு கோடியில் நிறுத்திவிட்டு, 20 மீட்டர் தள்ளி முக்காலியில் பைனாகுலரைப் பூட்டினால் ஆய்வுக்கூடம் தயார். கையில் பிடித்துப் பார்த்தால் நம் நடுக்கத்தைத்தான் அளப்போம். நேரம், விடிந்த கையோடு. வெயில் ஏறித் தளம் சூடானதோ, கானலில் பட்டைகள் நீந்த ஆரம்பித்துவிடும்.

என்னுடையது 8×42. அதாவது எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை. இரட்டை நட்சத்திரங்களைப் பார்த்தே வாழ்ந்த டாஸ் என்ற 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு கணக்கு விட்டுப் போயிருக்கிறார்: 116-ஐ வில்லையின் விட்டத்தால் வகுத்தால், அந்த வில்லை பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய கோணம் ஆர்க் செகண்டில் கிடைக்கும். ஒரு டிகிரியை 3600 கூறு போட்டால் ஒரு கூறுதான் ஓர் ஆர்க் செகண்ட். 42 மி.மீ.க்கு 2.8 வருகிறது. 20 மீட்டர் தூரத்தில் அது கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அந்த அளவுக்குள் ஒரு கறுப்புப் பட்டையும் அதன் பக்கத்து வெள்ளை இடைவெளியும் அடங்கியாக வேண்டும்!

ஆனால் வெறுமனே பார்த்தால் அது தெரியாது. நல்ல கூரிய கண்ணுக்கே ஒரு கறுப்பு-வெள்ளை ஜோடி பிரிந்து தெரிய ஏறக்குறைய 60 ஆர்க் செகண்ட் வேண்டும். எட்டால் வகுத்தால் 7.5. முட்டுக்கட்டை நம் விழிதான். கண்ணாடி தன் திறமையில் பாதிக்கு மேல் ஒளித்து வைத்துக்கொண்டு நிற்கிறது. விலை உயர்ந்தது, மலிவானது என்ற பேதமில்லாமல் நடுப்பகலில் எல்லாமே துல்லியமாகத் தெரிவதன் ரகசியம் இதில் பாதி.

மீதிப் பாதி நம் கண்மணியில் இருக்கிறது. வெளிச்சத்தில் அது இரண்டரை மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அப்போது 42 மி.மீ. வில்லையின் நடுவில் 20 மி.மீ. வட்டம் மட்டுமே நமக்கு உழைக்கிறது. வில்லையின் ஓரக் குறைகள் எல்லாம் தப்பித்துவிடுகின்றன.

அவற்றைப் பிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. நான்கு மடங்கு பெருக்கும் குட்டி மானாகுலர் ஒன்றைப் பைனாகுலரின் கண்வில்லைக்குப் பின்னால், அசையாமல், நேர்கோட்டில் பொருத்த வேண்டும். எட்டும் நாலும் பெருகி 32 மடங்கு! அடடா, முதன்முதலாக அப்படிப் பார்த்தபோது நான் கூவியதில் பக்கத்து மாடியில் துணி காயப்போட்டவர் திரும்பிப் பார்த்தார். சாம்பல் திட்டாகக் கிடந்த இடத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பட்டைகள் எழுந்து நின்றன. இடக்குழல் 3.6 ஆர்க் செகண்ட் வரை பிரித்தது, வலக்குழல் 4.1-இல் நின்றுவிட்டது. ஒரே பைனாகுலரின் இரண்டு கண்களும் இரட்டையர்கள் அல்ல, அண்ணன் தம்பி! 20 மி.மீ. துளையிட்ட அட்டையை முன்னால் வைத்தேன். படம் மங்கியது, மெல்லிய பட்டைகள் மறைந்தன, ஆனால் எஞ்சியவற்றின் விளிம்பு கத்தி போல. வில்லையின் நடுப்பகுதி எவ்வளவு சுத்தமானது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

நெடுக்குப் பட்டைகள் பிரிந்து குறுக்குப் பட்டைகள் மட்டும் குழம்பினால், அல்லது தலைகீழாக நடந்தால், பைனாகுலருக்குள் இருக்கும் ரூஃப் பிரிசத்தைச் சந்தேகியுங்கள். கூரை வடிவ விளிம்பில் ஒளி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும்போது அலைகளின் கட்டம் பிசகி, ஒரு திசையில் படம் கலைகிறது. ஸைஸ் நிறுவனம் 1988-இல் கொண்டுவந்த ஃபேஸ் கோட்டிங் என்ற பூச்சு இதற்கான மருந்து. பழைய போரோ வகைப் பிரிசத்துக்கு இந்த நோயே கிடையாது. அதனால்தான் பூச்சில்லாத ரூஃப் பிரிசத்துக்குக் காசு கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது.

இத்தனைக்குப் பிறகும், கண்ணுக்கு விருந்து வைப்பது காண்ட்ராஸ்ட் என்பதே என் கட்சி. கடைசிப் பட்டை எது என்பதில் சமமாக நிற்கும் இரண்டு பைனாகுலர்களில், பெரிய பட்டைகளின் கறுப்பு ஒன்றில் மை போலவும் மற்றதில் கரும்பலகை போலவும் இருக்கலாம். அதற்கும் ஒரு சோதனை: அட்டைப்பெட்டிக்குள் கறுப்பு வெல்வெட் ஒட்டி, ஒரு பக்கம் துளை போட்டு, பளீரென்ற வானத்துக்கு எதிரே வையுங்கள். அந்தத் துளை எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது? பூச்சே இல்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அடிக்கிறது. பத்துப் பரப்பைத் தாண்டி வருவதற்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். போனதில் ஒரு பகுதி குழலுக்குள் அலைந்து திரிந்து படத்தின் மேல் வெண்திரையாக விழும். ஸைஸில் வேலை பார்த்த ஸ்மாகுலா 1935-இல் கண்டுபிடித்த எதிரொளி தடுக்கும் பூச்சு இல்லையென்றால் இன்றைய பைனாகுலரே இல்லை. பல அடுக்குப் பூச்சில் அந்த 4 சதவீதம் அரை சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

கைவசம் இரண்டு பைனாகுலர் இருந்தால், எதை விற்கலாம் என்பதை அந்த வெல்வெட் பெட்டியே சொல்லிவிடும். நான் இன்னும் எதையும் விற்கவில்லை, வாங்கத்தான் செய்கிறேன்.