முழக்கம் துறந்த முகம்

1954 மார்ச் 3. ‘மனோகரா’ வெளிவந்தது. சங்கிலி குலுங்க, அவை நடுங்க, சிவாஜி கணேசன் முழங்கினார். கொட்டகைகள் கையொலியால் அதிர்ந்தன. ஒன்றரை மாதம்கூட நிறையவில்லை. ஏப்ரல் 13இல் அதே கணேசன் ‘அந்த நாள்’ படத்தில் தோன்றினார். தோன்றினார் என்பதைவிட மாண்டார் என்பதே பொருந்தும்! படம் தொடங்கியதுமே குண்டு பாய்ந்து வீழ்கிறான் கதாநாயகன். ஆடல் இல்லை, பாடல் இல்லை, சண்டை இல்லை. பாட்டே இல்லாத அந்தப் படத்தை இயக்கியவர் யார் தெரியுமா? வீணையால் புகழ்பெற்ற எஸ். பாலச்சந்தர்!

1943இல் சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய மறுநாள், வானொலிப் பொறியாளன் ராஜன் கொலையுண்டு கிடக்கிறான். கொன்றவர் யார்? அண்டை வீட்டார், உடன்பிறந்தான், அவன் மனைவி, ஆசைநாயகி என்று ஆளுக்கொரு கதை சொல்கின்றனர். ஒவ்வொருவர் விரலும் வேறொருவரைச் சுட்டுகிறது. வகுப்பில் சன்னல் கண்ணாடி உடைந்த நாளில் நால்வரை விசாரித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. நால்வரும் பொய்யர் அல்லர். ஆனால் நால்வரும் தம்மைக் காத்துக்கொண்டே பேசுவர்.

இங்கேதான் கணேசனின் கலை நம்மை வியக்க வைக்கிறது. பிறர் வாய்ச்சொல்லில் உயிர்பெறும் ராஜனை அல்லவா அவர் நடிக்க வேண்டும்! ஒருவர் சொல்லும் ராஜன் மற்றவர் சொல்லும் ராஜன் அல்லன். ஆயினும் எல்லாரும் ஒரே மனிதனைத்தான் கண்டனர் என்று நாம் நம்பியாக வேண்டும். பராசக்தியில் நாட்டையே வென்ற குரலை அவர் அடக்கிக்கொள்கிறார். உரக்கச் சொல்ல வேண்டியதைப் பார்வையால் சொல்கிறார். மாருதி ராவின் ஒளிப்பதிவு அதற்குத் துணை நிற்கிறது. நாயகன் முகத்தை ஒளியில் குளிப்பாட்டுவதே வழக்கமாயிருந்த காலத்தில், இவர் நிழலை அதன்மேல் படரவிடுகிறார். பாதி தெரிகிறது, பாதியை நாம் தேட வேண்டியிருக்கிறது.

மக்கள் முதலில் இதை ஏற்கவில்லை. வசூலில் படம் தோற்றது. தொழுவதற்கொரு நாயகனைத் தேடி வந்தவர்களிடம், ஆராய்வதற்கொரு மனிதனைக் கொடுத்தால் கசக்காதா என்ன?

குறையும் உண்டு. இறுதியில் மனைவி உஷாவின் வாயிலாக வரும் நாட்டுப்பற்றுப் பேச்சு நீளம். நிழலால் சொன்னதைச் சொல்லால் மறுபடியும் சொல்கிறது. எனினும், கல்லானாலும் கணவன் என்று கற்பித்துவந்த திரையில், காட்டிக்கொடுத்த கணவனை எதிர்த்து ஒரு பெண் துப்பாக்கி ஏந்தி நின்றாளே, அதைப் பண்டாரிபாய் தளராது நடித்தாரே, அந்தத் துணிவுக்கு அந்த நீளத்தைப் பொறுக்கலாம்.

தன் திறமையை நாடு மதிக்கவில்லை, மதித்தவனிடம் போனேன் என்கிறான் ராஜன். கணேசன் அதை வில்லனாகச் சொல்லவில்லை, காயம்பட்டவனாகச் சொல்கிறார். அவன் விற்றது எதை என்பது நினைவுக்கு வரும்வரை, நாமும் அவன் பக்கமே சாய்ந்திருந்தோம்.