அக்குளில் இடுக்கிய துப்பாக்கி

சுடுவதன் கனத்தை 2012-இல் வந்த ‘மேக்ஸ் பெய்ன் 3’ அளவுக்கு உணர வைத்த வீடியோ ஆட்டங்கள் குறைவு. களம் பிரேசிலின் சாவ் பாவ்லோ. பணக்காரக் குடும்பம் ஒன்றுக்குக் காவலாக வந்த முன்னாள் போலீஸ்காரன் மேக்ஸ், குடியும் வலி மாத்திரையுமாகக் காலம் தள்ளுகிறான். பெரிய துப்பாக்கி அவன் சட்டைக்குள் மாயமாய் மறைவதில்லை. ஒரு கையில் அதைத் தொங்கவிட்டபடி மறு கையால் கைத்துப்பாக்கியைச் சுடுவான். தோட்டா மாற்றும்போது பெரியதை அக்குளில் இடுக்கிக்கொள்வான். நேரத்தை மெதுவாக்கிப் பக்கவாட்டில் பாய்ந்து, விழுந்த இடத்தில் மல்லாந்து கிடந்தும் சுடலாம். இந்த நுணுக்கத்துக்காகவே திரும்பத் திரும்ப ஆடலாம்.

சுற்றியிருப்பவர்களின் போர்த்துகீசுக்கு மொழிபெயர்ப்பு தராததும் நல்ல முடிவு. மொழி புரியாத மேக்ஸின் தவிப்பு நமக்கும் ஒட்டிக்கொள்கிறது. ஜேம்ஸ் மெக்காஃப்ரியின் களைத்த குரல் இல்லாமல் மேக்ஸை நினைக்கவே முடியாது.

எரிச்சல் தருபவை ஓயாமல் குறுக்கிடும் படக்காட்சிகள். பலவற்றைத் தாண்டவும் விடாது. முடிந்து பார்த்தால் கையிலிருந்த நல்ல துப்பாக்கி மாறியிருக்கும். ஃபவேலா குடிசைப் பகுதியும் பெரும்பாலும் சண்டைக்கான பின்னணியாகவே வந்துபோகிறது. அது எனக்கு உறுத்துகிறது. விமான நிலையச் சண்டையில் ‘ஹெல்த்’ இசைக்குழுவின் பாடல் எழும்போது ஆட்டம் நம் கையில் இருக்கிறது. முழுக்கவே அப்படி விட்டிருக்கலாம்.